வானத்துக் காவலருக்கு வயது வரம்பு ஏன்?

ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆரணிப் பட்டு என்று சொல்லிக் கடையில் நீங்கள் வாங்கும் சேலை, அந்த ஊர்த் தறி ஒன்றில் நெய்ததாகவே இருக்கலாம். அங்கே தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றோடு அவருக்கு 60 வயது நிறைந்துவிட்டது. "இன்று முதல் நீர் தறியில் இறங்கக் கூடாது" என்று யாரும் அவரிடம் வந்து சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பாவு இழைகளுக்கு நடுவே அறுந்த இழை ஒன்றைக் கண் கண்டுபிடிக்கும் வரையில் அவர் நெய்வார். சாளேசரம் வந்தபோது கண்ணாடி போட்டுக்கொண்டார். கண்ணாடியும் உதவாது என்ற நாள் வந்தால், தார் சுற்றும் வேலைக்கோ, பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கும் வேலைக்கோ மாறிக்கொள்வார். அவருடைய ஓய்வு நாளைத் தீர்மானிப்பது நாட்காட்டி அன்று, கண்ணும் கையும்தான்.

அவர் வீட்டுக் கூரைக்கு மேலே, மிக உயரத்தில், சென்னையிலிருந்து தென்மேற்கே செல்லும் விமானம் ஒன்று வெள்ளைக் கோடு இழுத்துப் போகிறது. அந்த விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா என்று ஒருவர் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்தான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். நெசவாளரைப் போலவே அவரும் பல இழைகளை ஒரே நேரத்தில் கண்காணிப்பவர். ஆனால் அவருடைய ஓய்வை நாட்காட்டியே தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் அந்த வரம்பு மிகவும் கண்டிப்பானது. 56 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளோடு அவர் பணியிலிருந்து விலக வேண்டும்.

"எனக்கு உடல்நலம் நன்றாக இருக்கிறது. பிழை எதுவும் செய்ததில்லை. இன்னும் சில ஆண்டுகள் வேலை பார்க்க அனுமதியுங்கள்" என்று ஒரு கட்டுப்பாட்டாளர் விண்ணப்பம் கொடுத்தால் என்ன செய்வது? பார்ப்பதற்கு ஓர் அலுவலகக் காகிதம் போலத் தோன்றும் இந்த விண்ணப்பத்துக்குள் ஒரு பெரிய அறிவியல் கேள்வி ஒளிந்திருக்கிறது. மனிதனுடைய திறமை எந்த வயதில் குறைகிறது? அதை அளக்க முடியுமா? அளக்க முடியாவிட்டால் ஓர் எண்ணை வைத்துக் கோடு போடுவது நியாயமா? இந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கொடி பிடித்த முதல் மனிதர்

1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் ஆர்ச்சி லீக் என்பவர் வேலைக்கு அமர்த்தப்பட்டார். ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, வெயிலுக்கு ஒரு பெரிய குடை, இரண்டு கொடிகள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு ஓடுபாதையின் ஓரத்துக்குப் போவார். "இறங்கலாம்" என்பதற்கு ஒரு கொடி. "பொறு" என்பதற்கு இன்னொரு கொடி. அந்நாட்டின் முதல் கட்டுப்பாட்டாளர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஒழுங்கான விமானத் தபால் சேவை அக்காலத்தில்தான் தொடங்கியது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அந்தத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்ட்சென்ட். வானத்தில் விமானங்கள் அரிதாக இருந்த காலம் அது. விமானிக்கு வேண்டியவை நல்ல கண்ணும் நல்ல வானிலையும்தான்.

விமானங்கள் பெருகியதும் கொடி போதவில்லை. 1935ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்குக்கு அருகிலுள்ள நூவார்க்கில் விமான நிறுவனங்கள் சேர்ந்து முதல் வான்வழிக் கட்டுப்பாட்டு நிலையத்தைத் திறந்தன. கரும்பலகை, வரைபடம், தொலைபேசி ஆகிய மூன்றும்தான் கருவிகள். அடுத்த ஆண்டு ஜூலையில் அரசாங்கமே அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராடார் இத்தொழிலுக்குள் வந்தது.

ஆயினும் வானம் முழுவதும் கண்காணிப்பில் இருக்கவில்லை. 1956 ஜூன் 30ஆம் நாள் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே இரண்டு பயணி விமானங்கள் மோதி 128 பேர் மாண்டனர். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1958ஆம் ஆண்டில் புதிய விமானப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு பல மடங்கு கூடியது.

மனத்துக்குள் ஒரு படம்

இவருடைய வேலை எத்தகையது என்பதைப் புரிந்துகொண்டால்தான் வயதைப் பற்றிய வாதமும் புரியும்.

ராடார்த் திரையில் தெரிபவை தட்டையான புள்ளிகள். ஆனால் வானத்துக்கு நீளம், அகலம், உயரம் என மூன்று பரிமாணங்கள் உண்டு. எந்த விமானம் எந்த உயரத்தில், எந்த வேகத்தில் வருகிறது, 5 நிமிடத்துக்குப் பின் எங்கே இருக்கும் என்பதையெல்லாம் கட்டுப்பாட்டாளர் தம் மனத்தில் ஒரு படமாக வைத்திருக்க வேண்டும். இத்தொழிலில் உள்ளவர்கள் இதைப் "படம்" என்றே சொல்கிறார்கள். கவனம் சற்றே சிதறினாலும் படம் கலைந்துவிடும். கலைந்த படத்தை மறுபடி கூட்டிச் சேர்க்க நேரம் பிடிக்கும். விமானமோ அதுவரை காத்திருக்காது.

இதற்கு நம் நாட்டிலேயே துயரமான சான்று உண்டு. 1996 நவம்பர் 12ஆம் நாள் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானம் ஒன்றும் கசக்ஸ்தான் விமானம் ஒன்றும் மோதின. 349 பேர் இறந்தனர். வானில் நேர்ந்த மோதல்களில் இவ்வளவு பேரைப் பலி கொண்டது வேறில்லை. ஒரு விமானத்துக்கு 14,000 அடியும் மற்றதற்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டிருந்தன. 15,000 அடியில் நிற்க வேண்டிய கசக்ஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அப்போது டெல்லியில் பயன்பட்ட ராடார், விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டுமே தவிர, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. விமானி வானொலியில் சொன்ன உயரத்தை நம்பித்தான் கட்டுப்பாட்டாளர் படத்தை வைத்திருந்தார். தவறு அவருடையதன்று. ஆயினும் எவ்வளவு மெல்லிய இழையில் எத்தனை உயிர்கள் தொங்குகின்றன என்பதை இந்த விபத்து காட்டியது. அதன்பின் உயரத்தையும் காட்டும் ராடாரும், மோதலை எச்சரிக்கும் கருவியும் இந்திய வானத்தில் இன்றியமையாதவை ஆயின.

இப்படிப்பட்ட பொறுப்பை வயதானவரிடம் விடலாமா என்று ஒருவர் கேட்பது இயல்பு. அனுபவம் இல்லாதவரிடம் விடலாமா என்று மற்றொருவர் கேட்பதும் இயல்பே.

56 எங்கிருந்து வந்தது?

1960களில் அமெரிக்க வானத்தில் நெரிசல் மிகுந்தது. கட்டுப்பாட்டாளர்கள் நாள்தோறும் நீண்ட நேரம், பழைய கருவிகளோடு, முறை மாறி மாறி இரவும் பகலும் உழைத்தார்கள். 1968ஆம் ஆண்டில் பாட்கோ என்ற தொழிற்சங்கத்தை அமைத்தார்கள். அரசாங்கம் கார்சன் என்பவர் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. 1970ஆம் ஆண்டில் வந்த அக்குழுவின் அறிக்கை, இத்தொழிலின் கடுமையை ஒப்புக்கொண்டு, இவர்கள் விரைவில் ஓய்வு பெற வழி செய்ய வேண்டும் என்றது.

1972 மே மாதத்தில் சட்டம் வந்தது. அதன் கணக்கைக் கவனியுங்கள். வேலைக்குச் சேர்பவருக்கு 31 வயது நிறைந்திருக்கக் கூடாது என்று வரம்பு வைக்க வழி செய்யப்பட்டது. 25 ஆண்டு பணியாற்றினால் எந்த வயதிலும் ஓய்வூதியம் பெறலாம். 20 ஆண்டு பணியாற்றியவருக்கு 50 வயதில் ஓய்வூதியம் உண்டு. அதன்பின் சேர்ந்தவர்களுக்கு 56 வயதில் கட்டாய ஓய்வு. 31-உடன் 25-ஐக் கூட்டிப் பாருங்கள், 56 வருகிறது! கடைசி நாளில் வேலைக்குச் சேர்ந்தவரும் முழு ஓய்வூதியத்தோடு வெளியேற அந்த எண் சரியாகப் பொருந்துகிறது.

ஆக, 56 என்பது ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட எண் அன்று. ஒரு கையால் ஓய்வூதியத்தைக் கொடுத்து மறு கையால் பணியை வாங்கிக்கொண்ட ஓர் ஒப்பந்தம் அது. 1960களின் பிற்பகுதியில் ஓக்லஹோமாவிலிருந்த விமான மருத்துவ நிலையத்தின் ஆய்வுகளில், வயதான கட்டுப்பாட்டாளர்களுக்கு மேலதிகாரிகள் குறைந்த மதிப்பெண் இட்டிருந்தது தெரியவந்தது உண்மை. ஆனால் அவை மேலதிகாரிகளின் மதிப்பீடுகள். நேரடியான அளவீடுகள் அல்ல. 4,000-க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை விமானிகளோடு ஒப்பிட்டு, இரத்த அழுத்த நோயும் வயிற்றுப் புண்ணும் இவர்களிடம் மிகுதி என்று சொன்ன புகழ்பெற்ற ஆய்வு 1973ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் விரிவான ஆய்வு முடிவு 1978ஆம் ஆண்டில் வந்தது. இரண்டும் சட்டத்துக்குப் பின்னால் வந்தவை.

இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஓய்வு வயதின் வரலாறே இப்படித்தான். 1889ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க் முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தபோது வயது 70. 1916ஆம் ஆண்டில் அதை 65 ஆக்கினார்கள். இந்தியாவில் மத்திய அரசு ஊழியருக்கு 55 ஆக இருந்த வயது 1962ஆம் ஆண்டில் 58 ஆயிற்று. 1998ஆம் ஆண்டில் 60 ஆயிற்று. ஆந்திராவில் என். டி. ராமராவ் அரசு 1983ஆம் ஆண்டில் 58-ஐ 55 ஆகக் குறைத்தது. அடுத்த ஆண்டே மறுபடி 58 ஆயிற்று. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டில் 58 என்பது 59 ஆகி, 2021ஆம் ஆண்டில் 60 ஆயிற்று. இந்த இடைவெளிகளில் மனித உடல் மாறிவிடவில்லை. மாறியவை கருவூலத்தின் நிலையும் வேலை தேடும் இளைஞர்களின் தொகையும்தான்.

விதிக்குள் ஒரு விலக்கு

1972ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களுக்கே இந்த எண் எல்லாருக்கும் பொருந்தாது என்பது தெரிந்திருந்தது. ஆகையால் அதற்குள்ளேயே ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். "தனிச்சிறப்பான திறமையும் அனுபவமும்" உள்ள கட்டுப்பாட்டாளரைப் பொறுப்பான அமைச்சர் 61 வயது வரையில் விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாம். விலக வேண்டிய நாளைக் குறைந்தது 60 நாளுக்கு முன்பே அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வாசல் இருந்தது. ஆனால் அதன் வழியே போவது எப்படி என்பதை விளக்கும் தனி ஒழுங்குமுறை 2005 ஜனவரியில்தான் வெளியாயிற்று. கட்டுப்பாட்டாளர் தம் நிலைய மேலாளர் மூலமாக எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தம் திறமைக்குச் சான்று காட்ட வேண்டும். கடந்த 5 ஆண்டுப் பணியில் அவரால் பிழை நேர்ந்ததா என்பது முக்கியமாகப் பார்க்கப்படும். 33 ஆண்டுகளுக்குப் பிறகு இந்த அவசரம் ஏன் வந்தது? அதற்கான விடை 1981ஆம் ஆண்டில் இருக்கிறது.

ஒரே மாதம், இரண்டு நாடுகள்

1981 ஆகஸ்ட் 3ஆம் நாள் பாட்கோ சங்கத்தினர் ஏறத்தாழ 13,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு, வாரத்துக்கு 32 மணி நேர வேலை, ஓய்வில் மேலும் சலுகை ஆகியவை அவர்கள் கோரிக்கைகள். 48 மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்றார் குடியரசுத் தலைவர் ரீகன். சொன்னபடியே 11,345 பேரை வேலைநீக்கம் செய்தார்.

அந்த இடங்களை நிரப்ப அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்களை எடுத்தார்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயதினர். ஒரே நாளில் நட்ட வாழை ஒரே பருவத்தில் தள்ளுவது போல, 25 ஆண்டு கழித்து அவர்கள் அனைவரும் ஒன்றாக ஓய்வு வயதை எட்டினார்கள். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் விதிவிலக்கைப் பற்றிய பேச்சு வலுத்ததற்கு இதுவே பின்னணி.

அதே 1981 ஆகஸ்டில், 28ஆம் நாள், நம் நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஏர் இந்தியாவின் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கு அது. நெர்கேஷ் மீர்சா வழக்கு என்று பெயர். அவர்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. பணியில் சேர்ந்து 4 ஆண்டுக்குள் திருமணம் செய்தாலோ, முதல் கருவுற்றாலோ அதற்கு முன்பே விலக வேண்டும். அங்கேயும் ஒரு விலக்கு இருந்தது. நிர்வாக இயக்குநர் விரும்பினால் ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்து 45 வயது வரையில் வைத்துக்கொள்ளலாம்.

"விரும்பினால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். எதைப் பார்த்து விரும்புவார்? உடல்நலமா, பணித்திறனா, முகத்தோற்றமா? விதி எதையும் சொல்லவில்லை. ஒரே தகுதியுள்ள இருவரில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுக்கலாம். காரணமும் சொல்ல வேண்டியதில்லை. வரையறை இல்லாத இந்த அதிகாரம் சமத்துவ உரிமைக்கு மாறானது என்று நீதிமன்றம் அதை நீக்கியது. கருவுற்றால் விலக்கும் விதியையும் நீக்கியது. ஆனால் 4 ஆண்டுத் திருமணத் தடையை அன்று ஏற்றுக்கொண்டது.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1985 ஜூனில் இதை ஒட்டிய வழக்கொன்றைத் தீர்த்தது. வெஸ்டர்ன் என்ற விமான நிறுவனம், விமானிகளுக்குப் பின்னால் அமர்ந்து கருவிகளைக் கவனிக்கும் விமானப் பொறியாளர்களை 60 வயதில் ஓய்வு பெறச் சொன்னது. "பாதுகாப்பு" என்று சொன்னால் மட்டும் போதாது என்றது நீதிமன்றம். அந்த வயதைத் தாண்டிய ஏறக்குறைய அனைவருமே தகுதி இழந்தவர்கள் என்று காட்ட வேண்டும். அல்லது ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதிப்பது நடைமுறையில் இயலாது என்று காட்ட வேண்டும்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், விதிவிலக்கு கேட்கும் விண்ணப்பத்தைப் பார்க்க நமக்கு ஒரு வழி கிடைக்கிறது. விலக்கு இருக்கலாம்; ஆனால் அது அதிகாரியின் தயவாக இருக்கக் கூடாது. முன்பே சொல்லப்பட்ட அளவுகோலால் அளந்து கொடுக்கப்படுவதாக இருக்க வேண்டும். அப்படியானால் அந்த அளவுகோல் எது?

மூளைக்கு வயதாகும்போது

40 வயதுக்குப் பின் கண்ணின் வில்லை நெகிழ்வை இழக்கிறது. கிட்டத்திலுள்ள எழுத்து மங்குகிறது. காதில் உயர்ந்த சுருதி ஒலிகள் முதலில் குறைகின்றன. ஒரு செய்தியைப் பார்த்து உடனே செயல்படும் வேகமும், பல செய்திகளை ஒரே நேரத்தில் நினைவில் நிறுத்தும் ஆற்றலும் இளமைக்குப் பின் சிறிது சிறிதாகக் குறைகின்றன. இரவு வேலைக்குப் பிறகு உடல் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரமாகிறது. இவை மறுக்க முடியாதவை.

ஆனால் எல்லாமே ஒன்றாகக் குறைவதில்லை. சொல்வளமும் தொழிலறிவும் நெடுங்காலம் நிலைக்கின்றன. பார்த்த மாத்திரத்தில் "இது அந்த மாதிரி நிலைமை" என்று அடையாளம் காணும் திறன் அனுபவத்தால் வளர்கிறது. இளம் நெசவாளர் இழை அறுந்த பின் தேடுகிறார். தேர்ந்த நெசவாளர் நாடாவின் ஓசை மாறும்போதே தறியை நிறுத்துகிறார் அல்லவா?

இதைக் கட்டுப்பாட்டாளர்களிடமே சோதித்தவர்கள் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியூன்ஸ், கிராமர் என்னும் இருவர். அமெரிக்காவில் 56-ஐத் தாண்டியவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆகவே 65 வரை பணியாற்றக்கூடிய கனடா நாட்டுக் கட்டுப்பாட்டாளர்களைத் தேர்ந்தார்கள். இளையோர், முதியோர், இத்தொழில் அறியாதோர் ஆகிய பலருக்கும் இரு வகைச் சோதனைகள் வைத்தார்கள். பொதுவான மூளைச் சோதனைகள் பலவற்றில் முதிய கட்டுப்பாட்டாளர்கள் மற்ற முதியவர்களைப் போலவே மெதுவாக இருந்தார்கள். ஆனால் மெய்யான பணியைப் போல அமைத்த சிக்கலான சோதனைகளில் இளைய கட்டுப்பாட்டாளர்களுக்கு நிகராக வேலை செய்தார்கள். 2009ஆம் ஆண்டில் இந்த முடிவு வெளியாயிற்று.

அறிவியல் மாணவர்களான நீங்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த வயது வரையில் பணியில் நீடித்தவர்கள் யார்? வேலை கடினமாகிப் போனவர்கள் முன்பே விலகியிருக்கலாம். எஞ்சியவர்கள் திறமை மிக்கவர்களாக இருக்கலாம். எனவே "எல்லா முதியவர்களும் நன்றாகச் செய்வார்கள்" என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. "56-ஐத் தாண்டியும் நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அதைச் சோதித்தும் அறியலாம்" என்பதைச் சொல்கிறது. விதிவிலக்கு விண்ணப்பத்துக்கு அவ்வளவு போதும்.

பன்னாட்டு விதியும் இதையே பின்பற்றுகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, பன்னாட்டு விமானங்களின் விமானிகளுக்கு உச்ச வயது வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டில் 60-ஐ 65 ஆக உயர்த்தியது. கட்டுப்பாட்டாளருக்கு அது 21 வயது என்ற கீழ் வரம்பை மட்டுமே வைத்தது. மேல் வரம்பு இல்லை. அதற்குப் பதிலாக மருத்துவப் பரிசோதனையை அடிக்கடி செய்யச் சொல்கிறது. 40 வயது வரை 4 ஆண்டுக்கு ஒரு முறை. அதன்பின் 2 ஆண்டுக்கு ஒரு முறை. 50-க்குப் பின் ஆண்டுதோறும் செய்வது நல்லது. வயதைத் தடையாக வைக்காமல், கூடுதலாகச் சோதிப்பதற்கான காரணமாக மட்டும் வைத்த முறை இது.

அமெரிக்காவிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. சிறு விமான நிலையங்கள் பலவற்றின் கட்டுப்பாட்டுக் கோபுரங்களை அரசின் ஒப்பந்தத்தில் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. அங்கே 56 வயது விதி இல்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே போய் அதே வானத்தைப் பார்த்து அதே வேலையைச் செய்யலாம்! சிறு நிலையத்தில் நெரிசல் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் எண்ணின் புனிதம் எவ்வளவு என்பது இதிலிருந்து தெரிகிறது.

வரம்பின் பக்கமும் நியாயம் உண்டு

எண்ணை இவ்வளவு குறை சொன்னபின், அதன் பக்கத்து நியாயத்தையும் சொல்வது கடமை.

முதலாவது, எல்லாருக்கும் ஒரே நாளில் ஓய்வு என்றால் யாருக்கும் அவமானம் இல்லை. "உன் மூளை மெதுவாகிவிட்டது" என்று 30 ஆண்டு உழைத்தவரிடம் அவருடைய மேலாளர் சொல்ல வேண்டியதில்லை. தனித்தனிச் சோதனை நியாயமானது. ஆனால் அது வலிக்கும்.

இரண்டாவது, சோதனைக்கூடத்தில் ஒரு மணி நேரம் நன்றாகச் செய்வது வேறு. விடியற்காலை 4 மணிக்கு, வானொலி இரைச்சலில், எதிர்பாராத ஆபத்து வரும்போது செய்வது வேறு. அந்த அரிய நிமிடத்தை முன்கூட்டி அளக்கும் சோதனை எளிதன்று.

மூன்றாவது, மூத்தவர் எழுந்தால்தான் இளையவருக்கு நாற்காலி. விரைவான ஓய்வு என்பது கட்டுப்பாட்டாளர்கள் போராடிப் பெற்ற உரிமையும்கூட. விலக்கு கேட்பவர் தமக்காகக் கேட்பது, நாளை எல்லாரையும் 61 வரை உழைக்கச் சொல்வதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

ஆள் பற்றாக்குறை என்னும் காரணம்

இந்தக் கடைசி அச்சம் கற்பனை அன்று. அமெரிக்காவில் கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறை முற்றியபோது, ஓய்வு பெறத் தகுதி வந்தும் 56-ஐ எட்டாதவர்கள் பணியில் நீடித்தால் ஆண்டுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 20 விழுக்காடு ஊக்கத்தொகை என்று 2025ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். நம் நாட்டிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, கட்டுப்பாட்டாளர்களின் பற்றாக்குறையையும் களைப்பையும் சுட்டிக்காட்டியது.

களைப்பின் விலை என்ன? 2002 ஜூலை 1ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தனர். அந்த வானத்தைக் கவனித்த சூரிச் நிலையத்தில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். மற்றவர் தனியாக இரண்டு திரைகளுக்கு முன் மாறி மாறி அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். தொலைபேசி இணைப்பும் பழுதுபார்ப்பில் இருந்தது. அவருடைய வயது அந்த விபத்துக்குக் காரணமன்று. இருவர் செய்ய வேண்டியதை ஒருவர் செய்ததே முக்கியமான காரணங்களுள் ஒன்று.

ஆகையால் விலக்கு விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: "இவர் தகுதியானவர் என்பதால் வைத்துக்கொள்கிறோமா, ஆள் இல்லை என்பதால் வைத்துக்கொள்கிறோமா?" ஆள் இல்லை என்பதற்காக அளவுகோலைத் தளர்த்தினால், அளவுகோல் இருந்தும் பயனில்லை. ஒரு கட்டுப்பாட்டாளரைப் பழக்கி முழுத் தகுதிக்குக் கொண்டுவரப் பல மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகள்கூட ஆகும். இன்று எடுக்காத இளைஞரை நாளை முதியவரால் ஈடுசெய்ய முடியாது. 1981ஆம் ஆண்டின் பாடம் அதுதான்.

இந்தியாவில் கட்டுப்பாட்டாளர்கள் இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஊழியர்கள். 1995 ஏப்ரல் 1ஆம் நாள் தோன்றிய அந்த ஆணையத்தின் மற்ற ஊழியர்களைப் போலவே 60 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். இயற்பியலும் கணிதமும் படித்த அறிவியல் பட்டதாரிகளும் பொறியியல் பட்டதாரிகளும் இப்பணிக்கு விண்ணப்பிக்கலாம். பிரயாக்ராஜில் 1948 முதல் இயங்கிவரும் பயிற்சிக் கல்லூரி புதியவர்களைப் பழக்குகிறது. தமிழ் வழியில் படிக்கும் மாணவர்களே, இயற்பியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் திசைவேகமும் எதிரொலிப்பும்தான் இத்தொழிலின் அரிச்சுவடி. ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசப் பழகிக்கொண்டால் வாசல் உங்களுக்கும் திறந்தே இருக்கிறது.

ஓய்வு பெறும் மூத்தவருக்கும் வேலை உண்டு. பாவனைக் கருவியின் முன் இளைஞரை அமர்த்தி, "இந்த இரண்டு புள்ளிகளையும் பார், 3 நிமிடத்தில் என்ன ஆகும்?" என்று கேட்க அவரை விடச் சிறந்தவர் யார்? திரையின் முன் உட்காரும் உரிமை ஒரு நாள் முடியலாம். படத்தைக் கற்றுக்கொடுக்கும் தகுதி அதோடு முடிவதில்லை.

மீண்டும் முள்ளிப்பட்டில்

தறியில் இருக்கும் முதியவரிடம் திரும்புவோம். அவருக்கு வயது வரம்பு இல்லை என்று முதலில் சொன்னோம். அது சுதந்திரம் போலத் தோன்றினாலும் முழு உண்மை அன்று. கட்டுப்பாட்டாளருக்குப் பணி முடிந்தபின் ஓய்வூதியம் காத்திருக்கிறது. நெசவாளரில் பலர் 60-ஐத் தாண்டியும் தறியில் இறங்குவது கண் நன்றாக இருப்பதனால் மட்டும் அன்று. இறங்காவிட்டால் அடுப்பு எரியாது என்பதனாலும்தான். ஒருவருக்குப் போகச் சொல்லும் விதி. மற்றவருக்குப் போக முடியாத நிலை. இருவரிடமும் யாரும் கேட்காத கேள்வி ஒன்றே: "உங்களால் இன்னும் இதை நன்றாகச் செய்ய முடிகிறதா?"

கேட்டால் பலன் உண்டு என்பதற்கு ஒரு சான்று சொல்லி முடிக்கிறேன். அசாமில் 40 வயதைத் தாண்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 751 பேரைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குச் சாளேசரக் கண்ணாடி உடனே கொடுத்தார்கள்; மற்றவர்களுக்குச் சோதனை முடிந்தபின் கொடுத்தார்கள். 2018ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, கண்ணாடி பெற்றவர்களின் உழைப்புத் திறன் மற்றவர்களைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. "வயதாகிவிட்டது" என்று எண்ணியிருந்த ஒன்று, விலை குறைந்த ஒரு கண்ணாடியால் தீரக்கூடியதாக இருந்தது. அளந்து பார்த்ததனால்தான் அது தெரிந்தது.

வானத்தைக் காப்பவர் தரும் விண்ணப்பமும் அதையே கேட்கிறது. அளந்து பார்த்தபின் "முடியாது" என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளலாம். அளக்காமல் சொல்லும் "முடியாது" என்பதும், அளக்காமல் தரும் "சரி" என்பதும், கீழே தறியோசையோடு இருக்கும் ஊருக்கும் மேலே பறந்து போகும் பயணிக்கும் ஒருங்கே தீங்கானவை.